ரத்னம்மா எண்ணச் சொன்ன ஒரு கிலோ

ஞாயிற்றுக்கிழமை காலை, என்னோடு வேலை பார்த்த செல்வி போன் செய்தாள். "ரத்னம்மா போயிட்டாங்கண்ணா. கெலமங்கலத்துல, மக வீட்டுல."

ஜூஜுவாடி பக்கம் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு ரத்னம்மாவை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: போல்ட்டுக்குப் போடும் இரும்பு வளையமான வாஷர் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு அவர் பொறுப்பு. அவர் கட்டிக் கொடுக்கும் பெட்டிகளை லாரியில் ஏற்றி அனுப்புவது என் வேலை. பதினோரு வருடம் அப்படி ஓடியது. டிரைவர்களிடம் கன்னடம் பேசுவார், என்னிடம் தமிழ். எண்ணும்போது மட்டும் தெலுங்கு.

விருதுநகரிலிருந்து வந்து சேர்ந்த முதல் வாரம், "இருபத்து நாலு அனுப்புங்க" என்று இன்டர்காமில் சொன்னேன். "இருபத்து நாலு என்னா? பெட்டியா, பையா, லாரியா? வெறும் நம்பர் மொட்டைக் கடுதாசி மாதிரி. பேர் போட்டுச் சொல்லுப்பா" என்றார். பிரிவே சிரித்தது.

நான் செய்த தவற்றைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது.

வாஷர்களை நாங்கள் எண்ணிப் போடுவதில்லை, நிறுத்துப் போடுவோம். கிலோவுக்கு நூற்று இருபத்தைந்து. நாலு கிலோ நிறுத்தால் ஒரு பெட்டிக்கான ஐந்நூறு. ஒரு மழைக்காலத்தில் வாங்கியவர்களிடமிருந்து புகார் வந்தது: பெட்டிக்கு இருபது குறைகிறது. எல்லாம் செல்வி கட்டிய பெட்டிகள். அவள்தான் எடுக்கிறாள் என்று நம்பி மேலாளருக்குக் கடிதம் எழுதினேன். அவர் அதை எல்லார் எதிரிலும் வாசித்தார். செல்வி அழவில்லை. சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கேட் அருகே போய் நின்றாள்.

ரத்னம்மா அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். மேலாளர் கண்ணெதிரே, செல்வி மட்டும் கட்டிய புதுச் சரக்கில் ஒரு கிலோ நிறுத்துக் கொட்டினார்.

"எண்ணு செல்வி. சத்தமா எண்ணு."

நூற்று இருபதில் முடிந்தது. அந்தச் சரக்குக்கு வாஷர் வெட்டிய தகடு கொஞ்சம் தடிமனாக வந்திருக்கிறது. வாஷருக்கு எடை கூடியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை.

பெட்டி அட்டை ஒன்றில் மார்க்கரால் எழுதினார். 'நாலு கிலோ' என்று போட்டு, 'கிலோவுக்கு நூற்று இருபது வாஷர்' என்று பெருக்கி, இரண்டு இடத்திலும் 'கிலோ' என்ற சொல்லைக் குறுக்கே அடித்தார். "கிலோவும் கிலோவும் போச்சு. மிச்சம் என்னா? நானூத்து எண்பது வாஷர். இருபதை யாரும் தூக்கல சார், நாமதான் போடல." பிறகு ஐந்நூறு வாஷரைக் கிலோவுக்கு நூற்று இருபது வாஷரால் வகுத்து, இந்த முறை 'வாஷர்' என்ற சொல்லை அடித்தார். "இனிமே பெட்டிக்கு நாலு கிலோ நூத்து அறுபத்தேழு கிராம்."

மேலாளர் என் கடிதத்தை என்னிடமே நீட்டினார். கிழிக்கப் போனேன்.

"கிழிச்சா ஆச்சா? அவகிட்ட சொல்லு" என்றார் ரத்னம்மா. "எல்லாரும் கேக்கத்தானே அவ பேரு கெட்டுச்சு? எல்லாரும் கேக்கவே சொல்லு."

சொன்னேன். செல்வி சாப்பாட்டு டப்பாவைப் பையிலிருந்து எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.

மதியம் கேன்டீனில் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. செல்வியின் பக்கத்தில் இருந்த ரத்னம்மா பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார். "வா முருகேசு, சோறு ஆறுது."

சரியாகக் கணக்குப் போடுகிறவர்களை அதன்பின் நிறையப் பார்த்துவிட்டேன். தப்பாகப் போட்டவனுக்கு நகர்ந்து இடம் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். பெஞ்சில் அந்த ஒரு ஆள் இடம், அதுதான் அவர் கொடுத்து என்னிடம் மிச்சம் இருப்பது.