ஏழாம் லேனில் ஒரு தேசிக்காய்

பிரெஞ்சு பேசும் லவால் நகரில், பந்துருட்டிப் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் மண்டபமொன்றில், விளையாட வருபவர்களுக்குச் சப்பாத்துக் கொடுப்பதுதான் கௌரி அக்காவின் வேலை. முந்தியவரின் காற்சூடு ஆறாத சப்பாத்தை வாங்கி, உள்ளே மருந்தடித்து, அடுத்தவரிடம் நீட்டுவார். முகங்களைவிடக் கால்களைத்தான் அவருக்கு அதிகம் தெரியும். வாய்விட்டுப் பேசுகிறவர். பந்து உருளும் பாதைகளில் ஏழாம் லேனைக் கடக்கும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும்.

இரண்டாயிரத்து ஏழில் மகள் துஷாந்தினியின் பள்ளிக்கூடம், ஹொக்கிக்கு இருப்பதுபோல பௌலிங்குக்கும் முதன்முறையாக அணி அமைத்தது. ஆறு பேருக்கு இடம். பள்ளியின் பெயர் பொறித்த நீல ஜாக்கெட். மூச்சிளைப்பு நோயால் ஓட முடியாத துஷாந்தினியை அதுவரை எந்த அணியும் சேர்த்ததில்லை. அந்த ஜாக்கெட்டைப் பற்றித் தவிர அவள் வேறெதுவும் பேசவில்லை.

அணித் தெரிவு அதே மண்டபத்தில்தான். அன்று, மண்டபம் திறப்பதற்கு முன், அக்கா மகளோடு வந்து ஏழாம் லேனின் நடுவில் ஒரு தேசிக்காயை வைத்தார். புதுக் காரின் சில்லுக்கடியில் எலுமிச்சை வைப்போமே, அப்படி.

“மோன் டியூ, கடவுளே! அம்மா, உங்களுக்கென்ன விசரே? ஆரும் பாத்தாச் சிரிப்பினம்.”

“சிரிக்கிறவை சிரிக்கட்டும். நல்ல காரியம் தொடங்கிறம். நீ உருட்டு.”

பந்து அதை நசித்துக்கொண்டு போனது. அக்கா துணியால் துடைத்துவிட்டார்.

பிள்ளைகள் வந்தார்கள். மற்ற லேன்களில் பிறந்தநாள் கொண்டாட்டங்கள். அதனால் விளையாட்டு ஆசிரியர் கிறகரி தெரிவை ஏழாம் லேனிலேயே நடத்தினார்.

முதல் பந்து நேராகப் போய், தேசிக்காய் நசிந்த இடத்தில் சட்டென்று விலகியது. அடுத்ததும் அப்படியே. எல்லாப் பந்துகளும் அங்கேதான் விலகின. ஒடுங்கிய ஒழுங்கையில் எதிரே நிற்பவருக்கு வழிவிட்டு ஒதுங்குவதுபோல. துஷாந்தினியின் பந்தும் லேனின் ஓரப் பள்ளமான கானுக்குள் விழுந்தது. அவள் தாயைப் பார்த்த பார்வையில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

அக்கா ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னார். கிறகரி விழுந்து விழுந்து சிரித்தார். புளி பட்டு லேனின் எண்ணெய்ப் பூச்சு போயிருக்கும், வேறொன்றுமில்லை என்றார். லேனைத் துடைத்து, புதிதாக எண்ணெய் பூசச் செய்தார். முதலிலிருந்து தொடங்கினார்கள்.

பந்துகள் அதே இடத்தில் விலகின.

கிறகரி இப்போது சிரிக்கவில்லை. தானே ஒரு பந்தை உருட்டினார். அது அங்கே போய், நின்ற இடத்திலேயே கணநேரம் சுழன்றது. பிறகுதான் ஒதுங்கியது. பக்கத்து லேன் குழந்தையொன்று பலூனைக் கைவிட்டு அழத் தொடங்கியது.

துஷாந்தினிக்குக் கடைசி முறை. கோட்டருகே நின்று, லேனின் நடுவை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தமிழில், மெதுவாகச் சொன்னாள்:

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ.”

பந்து நேராகப் போனது. பத்துக் கட்டைகளும் விழுந்தன. அன்று வேறெவரும் பத்தையும் வீழ்த்தவில்லை. என்ன சொன்னாள் என்று கிறகரி கேட்க, கடவுளைக் கும்பிட்டாள் என்றார் அக்கா. ஆறு பெயர்களில் அவளுடையதைக் கிறகரி முதலில் வாசித்தார்.

காரில் பின்னிருக்கையில் துஷாந்தினி, கையோடு கொடுத்துவிட்ட ஜாக்கெட்டை மடியில் விரித்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

“ஆரைப் பிள்ளை தள்ளி நிக்கச் சொன்னனீ?”

“எனக்கென்ன தெரியும்? நீங்கள்தானே தேசிக்காய் வைச்சுக் கூப்பிட்டனீங்கள்.”

அக்கா சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினார்.

“வியாழக்கிழமை பிராக்டிஸ் இருக்கம்மா. வாறனெண்டு ஏழாம் லேனிலை நிக்கிறவையிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்.”

வீடு வரும்வரை அக்கா பின்பக்கக் கண்ணாடியைப் பார்க்காமலே காரை ஓட்டினார்.