கூடுதலாக ஒரு வயர்

செம்மேட்டில் இடி கேட்டால் முதல் வேலை, சுவரிலிருந்து வயர்களையெல்லாம் பிடுங்கிப் போடுவது. எங்கள் கணினி மையத்திலும் அதுதான் வழக்கம். தேர்வுக்கு முந்தின மாலை இடி இடித்தது. உதவிக்கு இருந்த அக்கா எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார். காலையில் நான் வருவதற்குள் அவரே திரும்பச் செருகியும் வைத்திருந்தார்.

எங்கள் கணினிகளுக்கு ஹார்ட் டிஸ்க் கிடையாது. பொத்தானை அழுத்தியதும் ஒவ்வொன்றும் சர்வரிடம் ஒரு முகவரி கேட்கும். முகவரியோடு, எந்தக் கோப்பைப் படித்து இயங்க வேண்டும் என்ற தகவலும் வரும். அன்று முகவரி வந்தது, கோப்பின் பெயர் வரவில்லை. எல்லாத் திரைகளும் அந்த முகவரி வரியோடு கறுப்பாகவே நின்றன.

வெளியே எங்கள் மலையின் எடப்புளி நாட்டு ஊர்களிலிருந்து வந்த பெண்கள் பனியில் காத்திருந்தார்கள். தேர்வாளர் அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறிவிட்டாராம். அவர் வரும்போது கணினி ஓடாவிட்டால் தேர்வு ரத்து. இந்தப் பெண்களுக்கு ஒரு வருடம் போய்விடும். நேற்று சர்வரில் எதையாவது மாற்றித் தொலைத்தேனா? என் குழந்தை அக்காவின் இடுப்பிலிருந்து கை நீட்டி அழுதாள். வாங்கக்கூடத் தோன்றவில்லை.

அப்புறம்தான் திரையில் இருந்த முகவரியைக் கவனித்தேன். அது எங்கள் சர்வர் தரும் எண் இல்லை.

பக்கத்து அலுவலகத்தின் இன்டர்நெட் பெட்டி எங்கள் அலமாரி மேல்தான் இருந்தது. அதுவும் முகவரி கொடுக்கும், ஆனால் கோப்பின் பெயர் அதற்குத் தெரியாது. அதன் வயர், எங்கள் கணினிகளையெல்லாம் இணைக்கும் ஹப்பில் செருகியிருந்தது.

“அக்கா, இது எங்கீங்க இருந்துச்சு?”

“தொங்கிட்டு இருந்துச்சுங்க டீச்சர். ஓட்டை ஒண்ணு சும்மா கெடந்துச்சு, சொருகிட்டேன்.”

முன்பும் தொங்கியதா? இல்லை, அவர்கள் கேட்டு யாராவது இங்கே செருகினார்களா? அலுவலகத்தில் நெட் போய்ப் புகார் வந்தால்? தொட்ட கையை எடுத்துக்கொண்டேன்.

“ஏனுங்க, பாம்பா அது? புடுங்குங்க. கேட்டா நான்தான்னு சொல்லிக்கறேனுங்க.”

பிடுங்கிவிட்டுப் பொத்தான்களை மறுபடி அழுத்தினேன். கணினிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. எனக்கு நம்பிக்கை வரவில்லை. எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போட்டேன்.

“ஓடறதப் போயி நிறுத்தறா பாரு சாமி உங்கம்மா,” என்றார் அக்கா குழந்தையிடம்.

மறுபடியும் ஓடின. தேர்வாளர் வந்து தேர்வு தொடங்கிச் சிறிது நேரத்தில் கதவு தட்டப்பட்டது. அலுவலக எழுத்தர்.

“ஆபீஸ் தொறந்ததுலிருந்து நெட் வரலீங்க டீச்சர். பொட்டி உங்க ரூம்லதான? கொஞ்சம் உள்ள வந்து பாத்துக்கறேன்.”

அக்கா வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டேன்.

“வயரைப் புடுங்குனது நான்தானுங்க. பரிட்சை முடியட்டும். அதுவரைக்கும் யாரும் தொட வேண்டாமுங்க.”

அவர் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்தினேன். உள்ளே பெண்கள் தட்டச்சிடும் ஓசை. என் கை தாழ்ப்பாளை விட்டு வரவில்லை.