ஆமென் சொல்லாத தேவநேசன்

பகலெல்லாம் பீரங்கிக் குழாய் பூட்டுகிறவர், மாலையில் யாருக்காக மண்டியிடுகிறார்? ஆவடி டாங்கித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் தேவநேசனைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி உண்டு. அதே கட்டடத்தில் இருந்த புஷ்பாவை அது தூங்கவிடவில்லை.

எல்லையில் சண்டை மூண்டபோது அவள் மகன் சரண் அங்கேதான் ராணுவக் காவல்பணியில் இருந்தான். தினமும் மாலை அவள் வீட்டில் ஜெபக்கூட்டம். ஒருவர் வாய்விட்டு வேண்டுவார். முடித்ததும் எல்லோரும் சேர்ந்து ஆமென் சொல்ல வேண்டும். ஒரு மனம் விலகி நின்றாலும் விண்ணப்பம் மேலே போகாது என்று புஷ்பா நம்பினாள். சபையில் யாரும் அப்படிப் போதித்ததில்லை. அவளாகப் பிடித்துக்கொண்டது.

ஒரு நாள், எதிரிகளை நிர்மூலமாக்கும்படி வேண்டிவிட்டுக் கண் திறந்தாள். மாடிவீட்டு தேவநேசனின் உதடு மட்டும் அசையவில்லை. மறுநாள் எதிரிகளை விட்டுவிட்டு, பிள்ளையைக் காக்கும்படி மட்டும் கேட்டாள். ஒரு கண் அவர்மேலேயே இருந்தது. அப்போதும் உதடு அசையவில்லை.

கூட்டம் கலைந்ததும் மறித்தாள். "இன்னாண்ணே, என் புள்ள உசுரோட வர்றதுல உனக்கு இன்னா கஸ்டம்?"

"ஒண்ணுமில்லம்மா."

"அப்போ ஆமென் சொல்றதுக்கு இன்னா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியேறிவிட்டார்.

கீழ்வீட்டு வரதன் அவரோடு ஒரே பிரிவில் வேலை செய்பவன். "பகல்ல பீரங்கி மாட்றாரு, சாயங்காலம் சமாதானம் கேக்குறாரு. கடவுளே கொயம்பிகினு கீறாரு, நீ வேற ஏங்க்கா" என்றான். புஷ்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சண்டை நீண்டால் தேவநேசனுக்கு ஓவர்டைம் நீளும். அதுதானோ?

சரணிடமிருந்து போன் வருவது நின்றுபோனது. "இனிமே வராதண்ணே" என்று தேவநேசனிடம் சொல்லிவிட்டாள். அவர் வந்தார். வாசலுக்கு வெளியே, கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு நடுவில் மண்டியிட்டார்.

சண்டை நின்றது. விடுப்பில் வந்த சரண் மறுபடி எல்லைக்குக் கிளம்பினான். போகிறவன் தலையில் கைவைத்து ஜெபிக்க சபை ஆயரால் வர முடியவில்லை. "மாமா, நீங்க பண்ணுங்க" என்று சரணே தேவநேசனைக் கூப்பிட்டான். மகன் கிளம்புகிற நேரத்தில் தடுக்க புஷ்பாவுக்கு மனம் வரவில்லை. கண்ணை மட்டும் மூடவில்லை.

தேவநேசன் சரணின் தலையில் கை வைத்தார். எல்லோரும் தலைகுனிந்து அவர் தொடங்கக் காத்திருந்தார்கள். ஃபேன் சுற்றுகிற சத்தம். யாரோ இருமினார்கள். அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பிறகு, வாசல்வரை கேட்கும்படி, "ஆமென்" என்றார்.

பழக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். புஷ்பாவும் சொல்லிவிட்டிருந்தாள். எந்த வேண்டுதலுக்கு அந்த ஆமென் என்று பின்னால் அவரிடம் எத்தனையோ முறை கேட்டாள். அவர் சொல்லவேயில்லை.