கோணல் மூக்குக்காரனின் இரண்டு சாவுகள்

எங்கள் சித்தப்பாவுக்குப் பழைய கௌபாய் படங்கள் என்றால் உயிர். நல்ல படங்கள் அல்ல, காசில்லாதவர்கள் எடுத்த படங்கள். ஷிப்ட் இல்லாத நாளில் பிள்ளைப்பாக்கம் வீட்டில் டிவிடியைப் போட்டுவிட்டு என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். குதிரை நின்ற பிறகும் குளம்புச் சத்தம் கேட்கும். துப்பாக்கி வெடிக்கும் முன்பே ஆள் விழுவான். வில்லனை எவ்வளவு தூரம் துரத்தினாலும் அதே மொட்டைப் பாறைதான் வரும். நான் குழம்பிப்போவேன். அவர் தொடையில் தட்டிச் சிரிப்பார்.

என்னை அதிகம் குழப்பியவன் ஒரு கோணல் மூக்குக்காரன். முதல் சண்டையில் குண்டடிபட்டுச் சாவான். கொஞ்ச நேரம் கழித்து வேறு தொப்பியோடு வந்து மறுபடியும் சாவான்.

"ஆளுக்கு இன்னா பஞ்சம் பாரு! செத்தவனையே கூட்டியாந்துட்டானுங்க" என்பார் சித்தப்பா.

அவரும் அந்தக் கோணல் மூக்குக்காரன் ஜாதிதான் என்று நினைத்திருந்தேன். ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை. திடீரென்று ஒருநாள் "நிறுத்திட்டானுங்க" என்று வந்து படுத்துக்கொள்வார். பிறகு வேறு காண்ட்ராக்டர் மூலமாக, வேறு நிறச் சட்டையில், அதே கம்பெனியில் அதே லைனில் போய் நிற்பார். புது ஆள் என்று கணக்காம். எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது.

சித்தப்பாவுக்குப் பெண் கொடுக்க வல்லக்கோட்டையிலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். சம்மதம் என்றால்தான் எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பார்கள், சாப்பிடுவார்கள். ஒரே கம்பெனியில் ஆறு வருஷம் என்று அப்பா சொன்னதும் அவர்கள் முகம் மலர்ந்தது. அம்மா இலை போட்டுவிட்டாள். வடை, பாயசம் எல்லாம் தயார். சித்தப்பாவின் பெருமையைப் பாதியில் விட எனக்கு மனசு வரவில்லை.

"மூணு வாட்டி நிறுத்திட்டாங்க. மூணு வாட்டியும் சித்தப்பா புது ஆளா சேந்துட்டாரு. சட்டகூட வேற வேற கலரு!"

பெண்ணின் அப்பா இலையைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். "வூட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்துவிட்டார். பாயசத்தைத் தொடாமல் யாராவது போவார்களா? யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் சித்தப்பா வழக்கம்போலப் படம் போட்டார். கோணல் மூக்குக்காரன் வேறு தொப்பியோடு வந்தான். அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நானே முதலில் சிரித்தேன்.

"சிரிக்காதம்மா. அவனுக்கும் வூடு, குடும்பம்னு இருக்கும்ல" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. படம் முடியும்வரை அந்தக் குடும்பம் எப்போது வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.