தங்கைக்குத் தேர்ந்தெடுத்த கிரெடிட் கார்டு

கிரெடிட் கார்டு கேட்டவரின் விண்ணப்பத்தை வங்கி நிராகரித்தால், அதற்கான குறிப்பிட்ட காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இது என் ஆசையல்ல, விதி. கருவூலத்தில் வேலை பார்த்த காலத்தில் நான் ஒரு பில்லைத் திருப்பினால், ஏன் திருப்புகிறேன் என்று எழுதித்தான் திருப்புவேன். திட்டு விழும். ஆனால் எதற்குத் திட்டுகிறோம் என்பது திட்டுகிறவருக்குத் தெரிந்திருக்கும்.

என் தங்கை கோவில்பட்டியில் தன் வீட்டு மாடியில் ஆறு தையல் மெஷின் போட்டிருக்கிறாள். சிறுமிகளுக்கான கவுன் தைத்து, புதியம்புத்தூர் மொத்தக் கடைகளுக்கு அனுப்புகிறாள். தீபாவளிச் சரக்குக்கு ஆடியிலேயே துணி வாங்கியாக வேண்டும். வடக்கே உள்ள துணிக் கம்பெனி, ஆன்லைனில் முழுப் பணமும் கட்டினால்தான் லாரியில் ஏற்றும். கடைக்காரர்களோ சரக்கு கைக்கு வந்த பிறகுதான் காசு தருவார்கள். நடுவில் உள்ள நாட்களைக் கடக்கத்தான் கார்டு. அது கிடைக்காவிட்டால் பாதி மெஷின் சும்மா நிற்கும். அதில் உட்காரும் பெண்களுக்குத் தீபாவளி இல்லை.

தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் வங்கியின் ஆள் மாடி ஏறியே வந்துவிட்டான்.

“அண்ணாச்சி, ஏர்போர்ட் லவுஞ்சு ஃப்ரீ. உள்ள போனா சாப்பாடு, சோபா எல்லாம் உண்டு.”

தங்கை மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்: “கழுகுமலை பஸ்ஸு நிக்குத எடத்துல அது இருக்காய்யா?”

தைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவன் அசரவில்லை. “செலவு பண்ணப் பண்ண பாயிண்டு ஏறும்க்கா.”

“கரண்டு பில்லுக்கு?” என்றேன்.

“அதுக்குக் கெடையாது அண்ணாச்சி.”

“பெட்ரோலுக்கு?”

“அதுக்கும் கெடையாது.”

“லாரி வாடகைக்கு?”

“அவிய கார்டே வாங்க மாட்டாவளே அண்ணாச்சி.”

“அப்போ நாங்க செலவழிக்குததுக்கு ஒண்ணும் கெடையாது, செலவழிக்காததுக்கு எல்லாம் உண்டு. நல்லாத்தான் வச்சிருக்கீய,” என்றாள் தங்கை.

இரண்டாவது வங்கியில், சேர்ந்த பாயிண்டைக் கொடுத்தால் கைக்கடிகாரமோ தோசைச் சட்டியோ தருவார்களாம். பணமாகக் கேட்டால் மதிப்பு பாதியாகிவிடும். இது பொடி எழுத்தில், கடைசிப் பக்கத்தில் இருந்தது. மூன்றாவது வங்கியின் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை. ஆன்லைனில் வாங்குவதில் ஒரு பங்கை பில்லிலேயே கழித்துவிடுவார்கள். அதைத் தேர்ந்தெடுத்தேன். விற்பனைக் கணக்கு, ஜிஎஸ்டி தாக்கல், வங்கி வரவுசெலவு எல்லாவற்றையும் வரிசையாக இணைத்தேன். அந்த விண்ணப்பத்தில் குறை காண ஒருவன் பிறந்துதான் வரவேண்டும்.

சில நாளில் சரிபார்க்க அந்த வங்கியிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். மாடியைப் படம் எடுத்தான். தங்கை அவனுக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கிவரச் செய்து கொடுத்தாள்.

“யாவாரம் எப்படிக்கா போவுது?”

“என்னத்தச் சொல்ல தம்பி. ஏதோ ஓடுது. முன்ன மாதிரி இல்ல.”

“லாபம்?”

“லாபமா? மெஷினுக்கு எண்ண விடுததுக்கே சரியாப் போவுது.”

அவள் முதுகுக்குப் பின்னால் தைத்த கவுன்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. எனக்கு அந்தப் பேச்சில் எதுவும் தவறாகப் படவில்லை. இந்த ஊர்க் கடைத்தெருவில், யாவாரம் நன்றாக நடக்கிறது என்று அந்நியனிடம் எவரும் சொல்வதில்லை. கண் பட்டுவிடும். நன்கொடை நோட்டுக்காரன் மறுநாளே வந்துவிடுவான். தீப்பெட்டி ஆபீஸ் நடத்தி மூன்று வீடு கட்டியவரும் ‘ஏதோ ஓடுது’ என்றுதான் சொல்வார். பென்ஷன் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டால் நானே ‘ஏதோ வருது’ என்பேன்.

அடுத்த வாரம் போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. உள் கொள்கைப்படி விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லையாம். வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன்.

“இன்டர்னல் பாலிசி சார்.”

“அந்தப் பாலிசியில் எந்தப் பிரிவு?”

“அது இன்டர்னல் சார்.”

கிளைக்குப் போனேன். மேலாளர் அன்பாக நாற்காலி கொடுத்தார். “எல்லாம் மேல எடுக்குத முடிவு அண்ணாச்சி. எங்களுக்கே காரணம் தெரியாது.” காரணம் தெரியாது என்று சொல்வதற்கு ஒரு குளிர்சாதன அறை, ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி!

விதியை மேற்கோள் காட்டி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் வங்கிக்கு எழுதினேன். ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதினேன். ‘உங்கள் குறை எங்களுக்கு முக்கியம்’ என்று இயந்திரம் ஒன்று மின்னஞ்சல் அனுப்பியது.

ஆடி போயிற்று. தங்கை கையில் இருந்த காசுக்குப் பாதித் துணி வாங்கினாள். மூன்று மெஷின்களுக்குப் பழைய சேலையைப் போட்டு மூடினாள். அவற்றில் தைத்த இரண்டு பேர் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனார்கள். மூன்றாமவள் தினமும் மாடிக்கு வந்து, “இன்னிக்காவது கார்டு வந்துச்சாக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். ஐப்பசி பிறந்ததும் வருவதை நிறுத்திவிட்டாள்.

கடைசியில் வங்கியிலிருந்து தபாலில் பதில் வந்தது. காரணம் ஒரே வரி: தொழில் மந்தம் என்றும் லாபம் இல்லை என்றும் விண்ணப்பதாரரே நேரில் தெரிவித்தார்.

தங்கை அதை வாங்கிப் படித்தாள். “ஏண்ணே, வாரவன் போறவன்கிட்ட எல்லாம் ‘லாபம் கொட்டுது’ன்னா சொல்லச் சொல்லுதாவ? அதுக்குத்தான கணக்கு முழுசையும் அனுப்பிவச்சோம்!”

அவள் கேட்டதுதான் என் கேள்வியும். ஆண்டு முழுவதும் விற்ற கணக்கு, ரூபாய் ரூபாயாக அவர்கள் கையில் இருக்கிறது. அதைப் புரட்டக்கூட இல்லை. ஒரு பாட்டில் கலர் குடிக்கும் நேரத்தில் கேட்ட சம்பிரதாயப் பேச்சைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் காரணம் எழுத்து மூலம் வந்துவிட்டது, கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன, விதி நிறைவேறிவிட்டது. வந்து சேர்ந்த தேதியை உறையின் மேல் எழுதி வைத்தேன்: தீபாவளிக்கு மறுநாள்.