எக்ஸ்ரே சாரின் வெள்ளிக்கிழமை மடல்

பார்சலைக் காதருகே கொண்டுபோய் ஒரு முறை குலுக்குகிறார். சத்தம் வரவில்லை. சத்தம் வராதது அவருக்குப் பிடிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து எடை பார்க்கிறார். திருப்பிப்போட்டு, ஒட்டியிருக்கும் டேப்பின் ஓரத்தை நகத்தால் நெருடுகிறார். கூரியர்காரர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். இந்த வீட்டில் தாமதமாகும் என்பது அவருக்குப் பழகிப்போன விஷயம்.

“நீங்க ஆர்டர் பண்ணதுதானே சார்?”

“நான் ஆர்டர் பண்ணதுதான். ஆனா வந்திருக்கறது அதுதான்னு யார் சொன்னா?”

உள்ளே இருந்தது டூத் பிரஷ். அவர் ஆர்டர் பண்ணியதும் டூத் பிரஷ்தான். அதுவும் அவருக்குத் திருப்தியளிக்கவில்லை.

எங்கள் குடியிருப்பில் அவருக்கு எக்ஸ்ரே சார் என்று பெயர். விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஊடுருவிக் காட்டும் இயந்திரத்தின் திரைக்கு முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவர். அந்தத் திரையில் துணியும் சாப்பாடும் சோப்பும் ஆரஞ்சு நிறத்தில் தெரியுமாம். உலோகம் நீலமாகத் தெரியுமாம். ஓய்வு பெற்றபோது திரையை அங்கேயே விட்டுவிட்டு, பார்வையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பல் டாக்டரைப் பற்றி அவர் சொன்னது: “பாக்க ஆரஞ்சாத்தான் இருக்கார். உள்ள எங்கயோ நீலமா ஒண்ணு தெரியுது.” விசாரித்ததில், டாக்டர் அவரைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்திருக்கிறார்.

இப்படிப்பட்டவர் சும்மா இருந்தால் உலகம் தாங்கியிருக்கும். அவர் எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மின்னஞ்சலில் ஒரு மடல் வரும். உறவினர்கள், பழைய சக ஊழியர்கள், மின்னஞ்சல் முகவரியை ஏமாந்து கொடுத்துவிட்டவர்கள் எல்லோரும் வாசகர்கள். எதிர்வீட்டில் குடியிருக்கும் ஒரே தகுதியில் நானும் ஒருவன். மடலில் மூன்று பகுதிகள். பயணம், தொழில்நுட்பம், இல்லம்.

பயணம் என்றால் மலையும் அருவியும் என்று நினைக்கக்கூடாது. மலைவாசத்தலம் ஒன்றுக்குப் போய் மூன்று நாள் தங்கிவிட்டு வந்து, ஓட்டல் அறையின் கதவுக்குப் பின்னால் எதற்காக ஒரு கொக்கி அதிகமாக இருந்தது என்பதைப் பற்றி மட்டும் எழுதினார். மலை ஒரு வரியில் வந்தது. “மூடுபனி அதிகம், எதையோ மறைக்கத்தான்” என்று.

தொழில்நுட்பப் பகுதியில் அவர் கை இன்னும் ஓங்கியிருக்கும். மடிக்கணினியின் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார். புதிதாக வாங்கிய வாஷிங் மெஷின் மின்னஞ்சல் முகவரி கேட்டபோது, அதைத் திருப்பி அனுப்பும்வரை தூங்கவில்லை. “துணி துவைக்கறவனுக்கு என் மெயில் ஐடி எதுக்கு? லெட்டர் போடப்போறானா?” என்று என்னிடம் கேட்டார். நான் தலையைச் சொறிந்தேன். சொறிந்ததையும் குறித்துக்கொண்டதுபோல் பார்த்தார்.

மூன்றாவது பகுதியான இல்லம்தான் எல்லோரும் விரும்பிப் படித்தது. வீட்டில் நடப்பதை அப்படியே எழுதுவார். மனைவி சர்க்கரையை விட்டதும், பிறகு சர்க்கரை டப்பாவுடன் பிடிபட்டதும் அதில் வந்தன. மகள் டிரைவிங் டெஸ்டில் தோற்றபோது, ‘கியரும் வாழ்க்கையும்’ வந்தது. பேசி முடித்திருந்த வரன் கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டபோது, மகள் அறையிலிருந்து வெளியே வருவதற்கு முன்னாலேயே ‘ஒரு நிராகரிப்பு கற்றுத்தந்த ஏழு பாடங்கள்’ வந்துவிட்டது. பாடம் எப்போதும் ஏழுதான். அந்த வாரம் சித்தப்பா, பெரியம்மா, பழைய சக ஊழியர் என்று வரிசையாக அவளுக்கு ஆறுதல் சொல்ல ஃபோன் செய்தார்கள். அவருக்கு அதில் தவறு எதுவும் தெரியவில்லை. துக்கத்தைப் பகிர்ந்துகொண்டதாகவே நினைத்தார். மகள் கொஞ்ச நாளில் வெளியூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு அவருடைய மைத்துனர் ஒரு காரியம் செய்தார். மனைவியின் தம்பி; இன்சூரன்ஸ் விற்பவர்; அத்தான் எழுதும் எதையும் பிரமாதம் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பவர். மடல்களை ஒழுங்காக அனுப்ப ஒரு இணையச் சேவை இருக்கிறது என்று அவர்தான் சேர்த்துவிட்டார். அந்தச் சேவை ஒரு அறிக்கையும் தரும். யார் மடலைத் திறந்தார்கள், எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள், எந்த ஊரிலிருந்து. நம்மை எல்லாரும் வேவு பார்க்கிறார்கள் என்று வாரம் தவறாமல் எச்சரித்துவந்தவர், அந்த அறிக்கையைக் கண்ட நாள்முதல் காலைப் பத்திரிகையை நிறுத்திவிட்டு அதையே படிக்க ஆரம்பித்தார்.

முதல் பலி மைத்துனர்.

“மச்சான், போன வாரம் எப்படி இருந்துச்சு?”

“பிரமாதம் அத்தான். கண்ணுல தண்ணி வந்துடுச்சு.”

“நீ தும்மற நேரம்கூடத் தொறந்து வைக்கலயே. மூணாவது பாராவுல என்ன இருந்துச்சு சொல்லு.”

“உண்மை இருந்துச்சு அத்தான்.”

இந்த விசாரணைகள் எல்லோருக்கும் நடந்தன. எனக்கும் நடந்தது; நான் தப்பித்த விதம் இங்கே தேவையில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை அவர் என் வீட்டுக்கே வந்து, செருப்பைக் கழற்றாமல், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“நீங்க கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தீங்களே, அங்க இருந்துதானே என் மடலப் படிச்சீங்க?”

ஆமாம் என்றேன். எந்த ஊர் என்று கேட்டு, கையிலிருந்த தாளில் சரிபார்த்துக்கொண்டார். முகம் சுருங்கியது. அறிக்கை பொய் சொல்லவில்லை என்பது அவருக்கு மகிழ்ச்சியான செய்தியாக இல்லை. காரணத்தை மெல்லச் சொன்னார். இரவு முழுக்க ரயிலில் போனால்தான் எட்டக்கூடிய ஊரில் இருக்கும் மகள், வாராவாரம் மடலைத் திறந்திருக்கிறாள். திறந்த ஊர், இந்த ஊர்.

“ஏதாவது டெக்னிக்கல் கோளாறா இருக்குமோன்னு பாத்தேன்,” என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கோளாறை அவர் விரும்பினார்.

என்னைக் கையோடு சாட்சிக்கு அழைத்துக்கொண்டு போனார். அவர் மனைவி கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தார்.

“அவ எங்க இருக்கா?”

“யாரு?”

“உன் பொண்ணு.”

“மார்க் வாங்கறப்பல்லாம் உங்க பொண்ணுதானே. இப்ப எப்ப என் பொண்ணானா?”

அவர் தாளை நீட்டினார். அந்த அம்மாள் அதை வாங்கவில்லை. கையிலிருந்த துண்டை நான்காக மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்.

“இங்கதான் இருக்கா. ரெண்டு மாசமாச்சு. கூடப் படிச்சவ வீட்டு மாடி ரூம்ல.”

“வேலை?”

“போயிடுச்சு. ஆள் குறைச்சிட்டாங்க.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியாமலா குக்கரக் குடுத்தேன்?”

எக்ஸ்ரே சார் சமையலறைப் பக்கம் திரும்பினார். குக்கர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வட்டமான கறை மட்டும் இருந்தது.

“குக்கர், ரெண்டு தலகாணி, அயர்ன் பாக்ஸ். எல்லாத்தையும் உங்க மூக்குக்கு முன்னாடிதான் எடுத்துட்டுப் போனேன். ஒரு நாள் கதவுகூடத் தொறந்துவிட்டீங்க. நீங்க உள்ள வர்றதத்தானே பாப்பீங்க. வெளிய போறத யாரு பாத்தா?”

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நான் கிளம்பப் பார்த்தேன். சாட்சி போகக்கூடாது என்று கையைக் காட்டினார்.

“இங்க வர்றதுக்கு என்ன? நான் என்ன திட்டவா போறேன்?”

“திட்டினா வந்திருப்பா. ‘வீட்டுக்கு வந்தா வெள்ளிக்கிழமை வந்துடும்மா’ன்னு சொல்றா. வேலை போனதுக்குக்கூட அவ அழல. வேலையிழப்பு கற்றுத்தந்த அஞ்சு பாடம்னு தலைப்பு வரைக்கும் சொல்லிக்காட்டி அழுதா.”

அஞ்சு இல்லை, ஏழு என்று திருத்த அவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். நல்லவேளை, சத்தம் வரவில்லை. தாளை மனைவி பக்கம் திருப்பிக் காட்டி, “ஆனா வாரம் தவறாம தொறந்து படிக்கிறாளே,” என்றார். அந்தக் குரலில் ஒரு சின்ன ஆசை இருந்தது.

“தான் இன்னும் மடல்ல மாட்டிக்கலயேன்னு பாத்துக்கறா.”

அடுத்த வெள்ளிக்கிழமை மடல் வந்தது. பயணப் பகுதியில், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் வலியக் கொடுத்த பிஸ்கட்டைப் பற்றி நீண்ட ஆராய்ச்சி. தொழில்நுட்பத்தில், தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரம். நாம் தூங்குவது யாருக்கு லாபம் என்ற கேள்வி. இல்லம் என்ற தலைப்பின் கீழே இரண்டே வரி. “இந்தப் பகுதி இன்றோடு நிறுத்தப்படுகிறது. காரணம் கேட்டு யாரும் எழுதவேண்டாம்.”

இப்படி எழுதினால் யாரால் கேட்காமல் இருக்கமுடியும்? வீட்டில் நடந்ததையெல்லாம் எழுதிவந்தவர், ஒன்றுமே எழுதவில்லை என்றால் பெரிதாக ஏதோ நடந்திருக்கிறது என்று உறவுக்கூட்டமே முடிவுசெய்துவிட்டது. அவருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு கட்சி, அவர் மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று இன்னொரு கட்சி. என்னைக்கூட இரண்டு பேர் கூப்பிட்டு விசாரித்தார்கள். எதிர்வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் இருக்குமா என்ற நம்பிக்கை. எனக்குத் தெரியாது என்றதை ஒருவரும் நம்பவில்லை.

அவர் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. அறிக்கையில் ஒரே ஒரு வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அந்த மடலைத் திறந்திருந்தாள். மூடிவிட்டு மறுபடி திறந்திருந்தாள். மாலையில் மறுபடியும். அதைக் காட்டத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

“உங்க பொண்ணு கேக்கறா,” என்று மனைவி வந்து சொன்னார். “‘அப்பா பொறி ஏதாவது வைக்கிறாரா’ன்னு.”

“நியாயமான கேள்வி,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “நல்லா வளத்திருக்கேன் இல்ல?” என்றார். அவர் முகத்தில் பெருமை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் அவள் வந்தாள். தோளில் ஒரு பை, இடுப்பில் குக்கர். கதவு திறந்தே இருந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. அவர் எழுந்து நின்றார். குக்கரைப் பார்த்தார்.

“விசில் எங்க?”

“வர்றப்ப பஸ்ல விழுந்துடுச்சுப்பா.”

“எந்த ப...” என்று ஆரம்பித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். “சாப்பிட்டியா?”

சாப்பிடும்போது என்னையும் கூப்பிட்டார்கள். மகள், வேலை போன நாளைப் பற்றி அவளாகவே பேச ஆரம்பித்தாள். நுழைவு அட்டை காலையில் வேலை செய்யவில்லை. அட்டைதான் கெட்டுவிட்டது என்று காவலாளியிடம் அரை மணி நேரம் சண்டை போட்டிருக்கிறாள். அந்தக் காவலாளி எப்படி நின்றார் என்று நடித்துக்காட்டியபோது அவள் அம்மாவுக்குப் புரையேறியது. எக்ஸ்ரே சாரின் வலது கை, சாப்பாட்டை விட்டுவிட்டு, மேஜைமேல் தானாக எதையோ தேடியது. பேனாவாக இருக்கலாம். பிறகு தண்ணீர் டம்ளரை எடுத்தது.

அப்போதுதான் ஃபோன் வந்தது. மைத்துனர். முன்னறைக்குப் போய் எடுத்தார். நான் கை கழுவிவிட்டு அங்கேதான் நின்றிருந்தேன். மைத்துனரின் குரல் எனக்கே கேட்டது.

“என்ன அத்தான், இல்லத்த மூடிட்டீங்க? அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே? பாப்பாவுக்கு ஏதாவதா? என்கிட்ட சொல்லுங்க, நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?”

“ஒண்ணுமில்ல மச்சான்.”

“ஒண்ணுமில்லன்னா ஏன் நிறுத்தினீங்க?”

“ஒண்ணுமில்லன்னுதான் நிறுத்தினேன்.”

உள்ளே மகள் காவலாளியின் அடுத்த வசனத்துக்கு வந்திருந்தாள். தாயும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

“அது யாரு சிரிக்கறது அத்தான்?”

“டிவி,” என்றார் எக்ஸ்ரே சார். ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நடந்துபோய், அவர்கள் இருந்த அறையின் கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.