அப்பாவின் போனுக்கு வந்த ஓடிபி

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

தினமும் பள்ளிப் பையில் கொண்டுபோக எனக்கு ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வேண்டும். எடை, ஜூம், பேட்டரி எல்லாவற்றையும் மூன்று வாரம் ஒப்பிட்டு, ஜாமெட்ரி பாக்ஸ் அளவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஆன்லைனில் ஒன்றே ஒன்றுதான் மீதி இருந்தது. அப்பா சம்மதித்து, கார்டைக் கொடுத்துவிட்டு கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு ஷிப்ட் போய்விட்டார்.

நான் ஆர்டர் போட்டதும் ஓடிபி அவர் போனுக்குப் போனது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், அது கேட்டில் செக்யூரிட்டியிடம் இருந்தது.

அம்மா அந்த எண்ணுக்கே கூப்பிட்டார். செக்யூரிட்டி எடுத்தார்.

“நம்பர் வந்துக்கீதும்மா. ஆனா யாருக்கும் சொல்லாதீங்கன்னு அதுலயே போட்டுக்கீதே.”

“அண்ணே, நான் அவரு சம்சாரம்.”

“அப்படித்தாம்மா சொல்லுவாங்க.”

நான் போனை வாங்கி, “அங்கிள், நான் அவர் பொண்ணு” என்றேன்.

“பொண்ணுங்கள வச்சும் பேசுறாங்க பாப்பா.”

ஓடிபிக்கான நேரம் முடிந்தது. மறுபடி முயல்வதற்குள் கேமரா விற்றுப்போய்விட்டது.

சாயங்காலம் வந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நம்ம கேட்ல இப்படி ஒரு ஆளு கீறாரா” என்று பெருமைப்பட்டார்.

செக்யூரிட்டி செய்தது சரிதான் என்பதால் என்னால் கோபப்படவும் முடியவில்லை. அவர் இடத்தில் இதைப் படிக்கும் நீங்கள் இருந்தால் எனக்குச் சொல்லியிருப்பீர்களா? உண்மையாகப் பதில் எழுதுங்கள்.

அம்மா லைட்டை அணைத்துவிட்டார்.